வாயில்லாச் சீவன்களும் வாழ்க்கைத் தொழிலும்



நம் தமிழ்ப் பாடசாலைகளிலே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் வசைமொழி ஒன்று உண்டு. கணக்கைப் பிழையாகச் செய்த பிள்ளையை நோக்கி, "நீ மாடு மேய்க்கத்தான் சரி" என்பார் ஆசிரியர். வீட்டிலே தந்தையாரும் அதனையே சொல்வார். வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவ்வகுப்பிலே உண்மையாகவே மாடு வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளை ஒன்று இருக்குமாயின், அது மட்டும் சிரியாது. தன் தந்தையார் செய்யும் தொழில் ஒரு தண்டனையாகப் பேசப்படுவதைக் கேட்டு, குனிந்த தலை நிமிராது இருக்கும்.

இவ்வசைமொழியினுள்ளே இரண்டு பொய்கள் அடங்கிக் கிடக்கின்றன. விலங்குகளோடு செய்யும் தொழிலுக்கு அறிவு வேண்டியதில்லை என்பது ஒன்று. அத்தொழில் வேறெதற்கும் உதவாதவனுக்கென்று விடப்பட்டது என்பது மற்றொன்று. விலங்குகளிடத்தே இயல்பான விருப்பமுடைய ஒரு பிள்ளை அவ்விருப்பத்தையே தொழிலாக்கிக் கொள்வது எவ்வாறு என்பதே இன்றைய என் பேச்சின் பொருள். அப்பொருளுக்குள் நுழையுமுன் இவ்விரு பொய்களையும் வாயிலிலேயே நிறுத்திவிடுதல் அவசியம்.

நான் கலைப்பட்டதாரி. விலங்கியலை முறையாகக் கற்றவன் அல்லன். ஆயினும் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து உலகத்துக்கு வழியனுப்பி வைக்கும் பணியில் இருக்கின்றேன். எந்தப் பிள்ளை எந்த வாயிலாற் செல்லலாம் என்று அறிந்து சொல்வது அதிபர் ஒருவருடைய கடமைகளுள் ஒன்று. அந்த அளவிலே நான் கேட்டும் கண்டும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் நம் மொழியையே கேட்போம். தமிழிலே மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். திருவள்ளுவர் கல்வியின் சிறப்பைக் கூறுமிடத்தில் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டிருக்கின்றார். கல்வியைப் புகழ்வதற்குப் புலவர் எடுத்துக்கொண்ட சொல்லைக் கல்லாமையை இகழ்வதற்கு நாம் பயன்படுத்துகின்றோம்! தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல் பொங்கி மாட்டுக்கு மாலை சூட்டுகின்றோம். அதற்கடுத்த நாள் பாடசாலையிலே மாடு மேய்ப்பவனை வைகின்றோம். இந்த முரண்பாட்டை யாரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இனி, இத்தொழிலுக்கு அறிவு வேண்டியதில்லை என்ற கூற்றை நோக்குவோம். 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே மாண்டஸ் என்னும் புயல் வங்காள விரிகுடாவைக் கடந்து சென்றது. அது கரையேறியது தமிழ்நாட்டிலேதான். ஆனால் அதனோடு வந்த குளிர்காற்றும் மழையும் நம் வடக்கு, கிழக்கு மாகாணங்களைத் தாக்கின. ஓரிரு நாட்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் வெளிகளிலே விறைத்து மாண்டன. வெப்பவலய நாட்டிலே கால்நடைகள் குளிரால் இறந்தன என்றால் கேட்போர் வியப்படைவர். காரணம் தெரிந்தால் வியப்பு நீங்கித் துயரமே மிஞ்சும்.

நனைந்த மயிர் உடற்சூட்டைக் காத்து நிற்பதில்லை. வீசுகின்ற காற்று அச்சூட்டைக் கவர்ந்து செல்கின்றது. மாட்டின் வயிற்றிலே தீனி நொதித்துச் செரிக்கும்போது பிறக்கும் வெப்பமே அதற்கு உள்ளடுப்பு. மேய்ச்சல் நிலம் வெள்ளத்தில் மூழ்கித் தீனி குறையுமானால் அவ்வடுப்பும் அவிந்துவிடுகின்றது. மெலிந்த பசுக்களும் இளங்கன்றுகளுமே முதலில் விழும். மேட்டுநிலத்திலே காற்றை மறிக்கும் ஒரு தட்டி, நனையாத வைக்கோற் படுக்கை, புயலுக்கு முன்னரே ஊட்டிய தீனி, முன்னறிவித்தலைக் கேட்டுப் பட்டியை இடம்மாற்றும் ஒருவன் ஆகிய இவையெல்லாம் அமைந்திருந்தால் மாண்டவற்றுள் ஒரு பகுதியையேனும் காத்திருக்கலாம். ஒவ்வொரு பட்டியும் ஒவ்வொரு குடும்பத்தின் வங்கிக் கணக்கு. ஓர் இரவிலே அக்கணக்கு வெறுமையாயிற்று. மாடு மேய்க்க அறிவு வேண்டியதில்லை என்போர் அந்தக் குடும்பங்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

அறிவு என்ன செய்யும் என்பதற்கு மறுபக்கத்துச் சான்றும் ஒன்று உண்டு. வெக்கை நோய் என்று ஒரு கொள்ளைநோய் இருந்தது. ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பா ஆகிய கண்டங்களிலே அது புகுந்த இடங்களிலெல்லாம் மாட்டினம் மடிந்தது, உழவு நின்றது, பஞ்சம் வந்தது. இலங்கையிலே 1946 ஆம் ஆண்டளவில் அது ஒழிக்கப்பட்டது. 1987 இல் மீண்டும் தலைகாட்டியது. ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி ஏற்றியவர்களின் உழைப்பினால் 1990 களின் நடுப்பகுதியோடு மறைந்தது. வால்டர் புளோரைட் என்ற மிருக வைத்திய அறிஞர் கென்யாவிலே ஆக்கிய தடுப்பு மருந்து உலகெங்கும் பயன்பட்டது. 2011 ஆம் ஆண்டிலே அந்நோய் பூமியிலிருந்தே நீங்கிவிட்டது என அறிவிக்கப்பட்டது. மனிதகுலம் முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றையது இந்த மாட்டு வெக்கை. இவ்வெற்றி மாட்டுத் தொழுவங்களிலே சேற்றில் நின்றவர்களின் வெற்றி. பெரியம்மையை அறிந்தவர்களுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

ஆகவே நேயர்களே, இத்தொழில் அறிவுத்தொழில். இதற்குள் நுழையும் வாயில்கள் எவை என்று இனிக் காண்போம்.

விலங்குகளிடம் விருப்பமுள்ள பிள்ளையைப் பார்த்து நாம் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "மிருக வைத்தியராக வா." நல்ல வாழ்த்துத்தான். நம் நாட்டில் மிருக வைத்தியக் கல்வி 1940 களின் பிற்பகுதியில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே தொடங்கியது. இப்பட்டத்துக்கென நெடுங்காலமாக விளங்கிவரும் ஒரே பீடம் பேராதனையிலே இருக்கின்றது. உயர்தரப் பரீட்சையில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவிலே மிக நல்ல பெறுபேறு பெற்றவர்களே அங்குச் செல்லலாம். கல்வி ஆங்கில மொழியில் நடைபெறும். பட்டம் பெற்றபின், 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மிருக வைத்தியப் பேரவையிலே பதிவு பெறவேண்டும். பெண்களுக்கு ஏற்ற தொழில் அன்று என்று ஒரு காலத்திலே சொன்னார்கள். இன்று அப்பீடத்திலே பெருந்தொகையான பெண்கள் கற்கின்றார்கள்.

ஆனால் அந்த வாயில் ஒடுக்கமானது. அதனிடத்து நின்று திரும்பிய பிள்ளை, தன் விருப்பத்தையே கைவிட்டு எங்கேனும் ஓர் அலுவலகத்திலே எழுதுவினைஞராவதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். ஒரு கதவு அடைபட்டதனால் வீடே இல்லையென்று எண்ணிவிடுகின்றார்கள். மற்றக் கதவுகளை நாம் காட்டாமையே இதற்குக் காரணம்.

இரண்டாவது வாயில், விவசாய பீடங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. இரண்டிலும் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும், மாக்கந்துறையில் வடமேல் பல்கலைக்கழகத்தின் கால்நடை வளர்ப்பு, மீன்பிடி, போசணை பீடமும் இத்துறையிலே பட்டம் வழங்குகின்றன. இங்குக் கற்றவர்கள் நோய் தீர்ப்பவர்கள் அல்லர். தீனி, இனவிருத்தி, பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றின் உற்பத்தி என்பவற்றை அறிந்தவர்கள். நாட்டின் பாற்றேவையில் பாதியைக்கூட நம் நாட்டுப் பசுக்கள் நிறைவு செய்வதில்லை. எஞ்சியது பால்மாவாகக் கப்பலில் வருகின்றது. அந்நியச் செலாவணி இல்லாதுபோன 2022 ஆம் ஆண்டிலே பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மார்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாயில், கண்டிக்கு அண்மையில் குண்டசாலையிலே உள்ள கால்நடை வளர்ப்புப் பாடசாலை. அங்கு வழங்கப்படும் டிப்ளோமாவைப் பெற்றவர்கள் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்களாகலாம். மிருக வைத்தியர் அலுவலகத்துக்கும் பட்டிக்கும் இடையே மோட்டார்ச் சைக்கிளில் ஓடித் திரிகின்றவர்கள் இவர்களே.

என்னிடம் கற்ற மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்லலாம் என்று எண்ணுகின்றேன். வன்னியிலே குளக்கட்டு ஒன்றின் அருகே உள்ள சிற்றூர் அவளுடையது. தந்தையாருக்குப் பட்டி மாடுகள் இருந்தன. மிருக வைத்தியராக வேண்டும் என்று படித்தாள்; வெட்டுப்புள்ளிக்குச் சிறிது கீழே நின்றுவிட்டாள். ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பின்னர் டிப்ளோமாவுக்குச் சென்றாள். அங்கே சிங்களத்தையும் கற்றுக்கொண்டு, போதனாசிரியையாகத் திரும்பி வந்தாள்.

அவளது பிரிவிலே ஒரு விதவைத் தாயிடம் ஒரே ஒரு பசு. செயற்கை முறையிலே மூன்று தடவை சினைப்படுத்தியும் பலனில்லை. விற்றுவிடலாம் என்று அத்தாய் தீர்மானித்திருந்தார். இந்தப் பெண் மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து, பசு எப்போது கதறுகின்றது, எப்போது மற்ற மாடு தன்மீது ஏற நிற்கின்றது என்று நேரத்தோடு குறித்து வைக்கச் சொன்னாள். மாடு வேட்கையில் நிற்பது பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரமே. காலையிலே குறி கண்டால் அன்று மாலையிலும், மாலையிலே கண்டால் மறுநாட் காலையிலும் சினைப்படுத்த வேண்டும் என்பது பொதுவிதி. அப்பசு விடியற்புறத்திலே குறி காட்டியிருக்கின்றது. தாயோ கூலிவேலை முடிந்து மறுநாள் ஓய்வு கிடைத்த பின்னரே அறிவித்துவந்தார். கொப்பி அதனைக் காட்டிக்கொடுத்தது. நாலாம் முறை சினை தரித்து, ஏறத்தாழ 280 நாட்களின் பின் நாகு ஈன்றது. அந்தத் தாயின் இரு பிள்ளைகளும் பாடசாலைக்குத் தொடர்ந்து சென்றதற்குக் காரணம் அப்பசுவின் பால். இதனைச் செய்தது பட்டமா? அன்று, உற்று நோக்குதலும் அதனை எழுதிவைத்தலும்.

நான்காவது வாயில், காடு. யாலையும் வில்பத்தும் 1938 இல் தேசிய வனங்களாயின. வனசீவராசிகள் திணைக்களம் 1949 இல் அமைந்தது. அதற்கென ஒரு பயிற்சி நிலையம் கிரித்தலையிலே இருக்கின்றது. வட மாகாணத்திலே சுண்டிக்குளம், மடு வீதி, குதிரைகள் தாமே திரியும் நெடுந்தீவு ஆகிய இடங்கள் 2015 இல் தேசிய பூங்காக்களாக்கப்பட்டன. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் காடுகளில் இருந்த யானைகள் 5,879. தாயை இழந்த யானைக் கன்றுகளை வளர்த்து மீண்டும் காட்டுக்கே அனுப்பும் இல்லம் ஒன்று 1995 முதல் உடவளவையிலே நடந்துவருகின்றது. யானை வயலுக்குள் இறங்கும் ஊரிலே உழவனுக்கும் யானைக்கும் நடுவில் நிற்பவன் வனசீவராசி உத்தியோகத்தன். வன்னி உழவனோடு தமிழிலே பேசி, அவன் கோபத்தைக் கேட்டு, துவக்கையும் வெடிமருந்து வைத்த பொறியையும் எடுக்காமற் செய்ய வல்லவர் அங்கு வேண்டும். நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காவிட்டால் அவ்விடத்துக்கு அத்தகையோர் எங்கிருந்து வருவர்?

யானையோடு தொழில் செய்தல் நமக்குப் புதிதும் அன்று. வன்னியிலே பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்கு ஓட்டிவந்த வழியின் பெயரே ஆனையிறவு. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத்தில் யானைகள் விலை பேசி விற்கப்பட்டன. கிழக்கிலங்கையிலே யானையைக் கயிறிட்டுப் பிடிப்பதில் வல்ல பணிக்கர் குடும்பங்கள் முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்தன. அன்று பிடிப்பதற்கு வேண்டியிருந்த அத்துணிவும் நுணுக்கமும் இன்று காப்பதற்கு வேண்டியிருக்கின்றன.

இவற்றைவிடச் சிறு வாயில்களும் உண்டு. 1948 இல் தொடங்கிய பொலிஸ் நாய்ப் பிரிவு கண்டி அஸ்கிரியவைத் தலைமையிடமாகக் கொண்டது. தெகிவளை மிருகக்காட்சிச்சாலை 1936 முதல் அரசின் பொறுப்பிலே இருக்கின்றது. கலைப்பிரிவு மாணவர்க்கும் இடம் இல்லாமல் இல்லை. விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அதனைக் காலத்துக்கு ஏற்ப மாற்றவேண்டுமென நெடுங்காலம் வாதாடியவர்களுள் சட்டம் கற்றவர்கள் பலர். எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்தப் பண்ணை என்ற வாயில் இருக்கின்றது. கோ மூன்று என்னும் புல்லை வேலியோரத்திலே நட்டு, நல்லினப் பசு இரண்டோடும் ஜமுனாபாரி ஆடு நான்கோடும் தொடங்குகின்ற இளைஞனை வேலையில்லாதவன் என்று ஊர் சொல்லாதிருக்கும் நாள் வரவேண்டும்.

இனி, பிள்ளைகளை நோக்கியே சில வார்த்தை சொல்வேன். விலங்குகளை எனக்குப் பிடிக்கும் என்பது நல்ல தொடக்கம். ஆனால் அது தகுதி ஆகாது. நாய்க்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுவது வேறு. விசர் பிடித்ததோ என்று ஐயுறும் நாயை அணுகுவது வேறு. விசர்நாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. ஆகையால் இத்தொழிலுக்கு வருவோர் முன்னதாகவே தடுப்பூசி பெற்றுக்கொள்கின்றனர். மிருக வைத்தியர் நோயைக் குணப்படுத்துவார். குணப்படுத்த முடியாதபோது நோவின்றி உயிரை நீக்கவும் நேரும். இறைச்சிக்கு அறுக்கும் விலங்கைச் சோதித்து மக்கள் உண்ணத் தக்கதோ என்று சொல்லவும் நேரும். இவற்றைத் தாங்கும் நெஞ்சுரம் உனக்கு உண்டா என்று உன்னையே கேட்டுப் பார்.

அடுத்தது, பொறுமையான கை. கன்று ஈன்ற ஓரிரு நாளிலே நல்ல பாற்பசு ஒன்று திடீரெனச் சோர்ந்து படுத்துவிடும். எழுப்பினால் எழாது. நாவூறு பட்டது என்பர் சிலர். இரத்தத்திலுள்ள கல்சியம் பாலிலே வடிந்துபோனதே காரணம். பாற்காய்ச்சல் என்று அதற்குப் பெயர்; ஆனால் உடம்பு சுடாது, குளிர்ந்தே இருக்கும். கல்சிய மருந்தை நாளத்திலே ஏற்றினால் சிறிது நேரத்தில் பசு எழுந்து நின்றுவிடும். பார்ப்போர்க்கு மந்திரம்போல் இருக்கும். ஆனால் விரைந்து ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். ஆகவே வைத்தியர் இதயத் துடிப்பைக் கேட்டுக் கேட்டு மெல்ல மெல்ல ஏற்றுவார். விரைவு உயிரை வாங்கும் இடத்திலே அவசரப்படாதிருக்கக் கற்க வேண்டும்.

மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. விலங்குகளோடு செய்யும் தொழில் பெரும்பாலும் மனிதரோடு செய்யும் தொழில். மனிதர்களைப் பிடிக்காது, ஆகையால் விலங்குகளிடம் போகின்றேன் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஏமாற்றமே கிடைக்கும். பசு தன் நோயைச் சொல்லாது, உடையவரே சொல்லவேண்டும். அவர் பயத்தினாலோ வெட்கத்தினாலோ பாதியை மறைப்பார். அவரிடம் அன்பாகப் பேசி மீதியை வாங்கத் தெரியாதவர், எத்துணை நூல் கற்றிருந்தாலும், நோயை அறியமாட்டார். காய்ச்சாத பாலைக் குழந்தைக்குக் கொடாதே என்று ஒரு தாய்க்கு அவள் மனம் நோகாமற் சொல்லத் தெரியவேண்டும். ஒரு விலங்கைக் காக்கும்போதே ஒரு வீட்டையும் காக்கின்றோம் என்ற எண்ணம் வேண்டும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு இவ்விருப்பம் உண்மையாக உண்டா என்று அறிவதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு கோழியையோ ஆட்டுக்குட்டியையோ ஓர் ஆண்டுக்கு அப்பிள்ளையின் முழுப் பொறுப்பிலே விட்டுவிடுங்கள். தீனி எவ்வளவு, செலவு எவ்வளவு, நிறை எவ்வளவு, நோய் வந்த நாள் எது என்று கொப்பியிலே எழுதட்டும். மழை நாளிலும் பரீட்சை நாளிலும் கூட்டைத் துப்பரவு செய்கின்றதா என்று பாருங்கள். விடுமுறையிலே பிரதேச மிருக வைத்தியர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, அனுமதி கேட்டு, சில நாட்கள் நின்று பார்க்கவிடுங்கள். ஓராண்டின் பின் அக்கொப்பியைப் படித்தால் பிள்ளையின் இயல்பு தெரிந்துவிடும். அதோடு ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் படிக்கத் தூண்டுங்கள். கற்குமிடத்திலே ஒன்று உதவும். கடமை செய்யுமிடத்திலே மற்றொன்று உதவும்.

ஆசிரிய நண்பர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வசைமொழியை வகுப்பறையிலிருந்து அகற்றிவிடுங்கள். கணக்குப் பிழைத்த பிள்ளைக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். பட்டி வளர்க்கும் வீட்டுப் பிள்ளை வகுப்பிலே இருந்தால், மாடு அசைபோடுவது ஏன் என்று ஒருநாள் அதனையே எழுந்து விளக்கச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் அறியாத எத்தனையோ செய்திகள் அதனிடம் இருக்கும். அப்பிள்ளை தலை நிமிர்ந்து பேசுகின்ற அன்று, நம் நாட்டுக்கு ஒரு மிருக வைத்தியரோ, ஒரு போதனாசிரியரோ, அறிவோடு பட்டி நடத்தும் ஒரு பண்ணையாளரோ கிடைப்பதற்கு வழி பிறந்துவிட்டது என்று நம்பலாம். அடுத்த புயல் எந்த ஆண்டில் வரும் என்று நமக்குத் தெரியாது. அது வரும்போது பட்டிகளிலே அறிந்தவர்கள் நிற்கவேண்டும். அவர்கள் இப்பொழுது நம் வகுப்புகளிலே இருக்கின்றார்கள்.